ஏழாம் கிணற்றின் வியாழக்கிழமை

இருளப்பன் முப்பது வருடம் எண்ணெய்க் கிணறுகளுக்குத் துளை போட்டவர். ஐம்பத்தாறு வயதில், தன்னைவிட இருபது வயது இளையவளான ஜெசிந்தாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார். அதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அவருக்குத் துளை போடத் தெரியும். போட்ட துளையைக் காவல் காக்க அவளுக்குத் தெரியும்.

அது எரிவாயு எடுத்து ஓய்ந்த வயல். ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவை அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் இறக்கிச் சேமித்தார்கள். மேலே ஏறுவதானால், சிமெண்ட் வைத்து அடைத்த பழைய கிணறுகள் வழியாகத்தான் ஏறும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்தில் தேங்கும். அங்கே படுத்திருக்கும் உயிர் மூச்சுமுட்டிச் சாகும்.

பன்னிரண்டு கிணறுகளிலும் தினமும் மண்ணுக்குள் கருவியைச் செருகி, வாயு கசிகிறதா என்று பார்த்து, வரும் எண்ணை நோட்டில் எழுதுவது இருளப்பனின் வேலை.

ஒருநாள் கேட்டார்: "நோட்டுல அஞ்சு வருசமா ஒரே எண்ணுதான் இருக்கும்மா. இன்னும் எத்தனை நாளைக்கு அளக்கணும்?"

"இன்னைக்கு அளந்தாச்சா அண்ணே?"

"ஆச்சு."

"அப்ப இனி நாளைக்கு அளந்தாப் போதும்."

அடுத்த வியாழக்கிழமை அவருடைய அக்கா பேத்திக்குக் காதுகுத்து. ஏழாம் கிணறு கடைக்கோடியில் இருந்தது. மற்றப் பதினொன்றையும் அளந்தார். ஏழுக்கு நேரே புதன்கிழமை எண்ணையே எழுதிவிட்டு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழாம் கிணற்றுப் பள்ளத்தில் பக்கத்து ஊர்க்காரி பஞ்சவர்ணத்தின் இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன.

ஊர் திரண்டு வந்து அலுவலக வாசலில் நின்றது.

"நேத்து அங்க அளந்தீங்களா?" பஞ்சவர்ணம் கேட்டாள்.

ஜெசிந்தா நோட்டைப் புரட்டினாள். எண் இருந்தது. அதை அவள் வாசிக்கவில்லை. நோட்டை இருளப்பனிடம் நீட்டினாள்.

"அளந்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்க அண்ணே."

வாசித்தால் போதும், பாதிக் கூட்டம் கலைந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

"அளக்கல," என்றார். "அளக்காம எழுதிட்டேன்."

ஒருவன் செருப்பைக் கழற்றினான். பக்கத்தில் நின்றவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தா குரலை உயர்த்தவில்லை. வாயு இறக்குவதை நிறுத்தச் சொன்னாள். தாழ்வான பக்கத்து நாற்பது வீட்டு ஆட்களையும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தாள். பிறகு கருவியை எடுத்து இருளப்பன் கையில் கொடுத்தாள்.

மூன்று நாள் இருவருமாக அந்தப் பள்ளத்தைச் சாண் சாணாக அளந்தார்கள். எண் மாறவே இல்லை. சிமெண்ட் அடைப்பிலும் விரிசல் இல்லை.

கால்நடை மருத்துவர் ஆடுகளின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே இளஞ்சோளத் தட்டை. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளம் ஆட்டுக்கு விஷம் என்பது ஊருக்கே தெரியும். பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை ஜெசிந்தா நோட்டை எடுத்து, வியாழக்கிழமை எண்ணைச் சிவப்பு மையால் அடித்தாள்.

இருளப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"நான் செஞ்சது தப்புதாம்மா. ஆனா எண் சரிதானே? அதை எதுக்கு அடிக்கிறீங்க?"

"சரின்னு உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

"நேத்து."

"எழுதினது என்னைக்கு?"

இருளப்பன் கருவியை எடுத்துக்கொண்டு ஏழாம் கிணற்றுக்கு நடந்தார்.