மயிலார் மிதித்த அச்சுப்படம்

குளக்கரைக் காட்டில் அச்சுப்படப் போட்டி நடந்தது. கட்டையில் படம் செதுக்கி, கரியும் நாவல்பழச் சாறும் கலந்த மையைப் பூசி, காய்ந்த தேக்கிலையில் ஒற்றி எடுக்க வேண்டும். இலையைக் கொடியில் தொங்கவிட்டு, செய்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஜெயித்தவர் எந்த மரத்தைக் கைகாட்டுகிறாரோ, அந்த மரத்தை யானைகள் தொடாது. அதுதான் பரிசு.

கொத்தாயி என்ற மரங்கொத்திக்கு அந்தப் பரிசு உயிர்ப் பிரச்சினை. குளத்துக்குப் போகிற வழியை அகலப்படுத்த யானைகள் முடிவு செய்திருந்தன. வழியில் நின்ற காய்ந்த வாகை மரத்தை மறுநாள் காலையில் தள்ளப் போகின்றன. அந்த மரத்துப் பொந்தில்தான் அவளுடைய முட்டைகள் இருந்தன.

கொத்தாயி அழுதுகொண்டிருக்கவில்லை. அந்த வாகை மரத்தையே பலாக்கட்டையில் செதுக்கினாள். அவளுக்குத் தன் அலகுமேல் கர்வம் அதிகம். "இந்தக் காட்டுல இப்படி ஒரு கோடு இழுக்க எவன் இருக்கான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரே கட்டையிலிருந்து இரண்டு இலைகள் ஒற்றிக் காயவைத்தாள். திரும்பி வந்தபோது ஒன்றுதான் இருந்தது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

நடுவர் மயிலார். தோகையை விரித்தால் அதுவே ஒரு கண்காட்சி. இவருக்குக் கலை தெரியாமலா இருக்கும் என்று காடு நினைத்தது. மயிலாரும் அப்படியே நினைத்துக்கொண்டார். அச்சுக்கட்டையை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மயிலார் கொத்தாயியின் படத்தின் முன் வந்து நின்றார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"கோடுகள் நடுங்குகின்றன. அலகு இன்னும் பழகவில்லை. நடுவே இவ்வளவு வெற்றிடம் எதற்கு? மை தீர்ந்துவிட்டதா?"

"ஐயா, அது வானம்," என்றாள் கொத்தாயி.

"சோம்பேறித்தனத்துக்கு வானம் என்று பெயர் வைக்கக் கூடாதம்மா," என்று சொல்லிவிட்டு மயிலார் நகர்ந்தார்.

கொத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அடுத்த வரிசையில் கைதட்டல் கேட்டது. பறந்து போய்ப் பார்த்தாள். அங்கே நரி நல்லமுத்து நின்றான். ஒருமுறை ஊர் எல்லைவரை போய்விட்டு வந்ததிலிருந்து அவன் தோளில் ஒரு ஜோல்னாப் பை தொங்கும். அவன் பக்கத்தில் தொங்கியது, காணாமல் போன அவளுடைய இலை.

மயிலார் கண்கள் பனித்திருந்தன. "இந்தக் கோடுகளின் நடுக்கத்தைப் பாருங்கள். இது வாழ்வின் நடுக்கம். நடுவே இந்த வெற்றிடம்! மை பூசாமல் விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! முதல் பரிசு இதற்குத்தான்."

"ஐயா, அது என் படம்!" என்று கத்தினாள் கொத்தாயி. "ரெண்டும் ஒரே கட்டையில எடுத்தது. இவன் திருடிட்டான்."

நல்லமுத்து வருத்தமாகச் சிரித்தான். "பெரிய படைப்பு வந்தா இப்படி நாலு பேர் சொந்தம் கொண்டாடத்தான் செய்வாங்க. பரவாயில்ல, விடுங்க."

கொத்தாயி பறந்து போய்க் கட்டையை இழுத்து வந்து மயிலார் முன்னால் போட்டாள். மயிலார் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தக் கட்டையில் மரம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. படத்தில் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பொய் சொல்வதற்குக் கொஞ்சமாவது பொருத்தம் வேண்டாமா அம்மா?"

கூட்டம் 'அட, ஆமாம்' என்றது. கொத்தாயி கட்டையை அலகால் தட்டிக் காட்டினாள்.

"ஒத்தி எடுத்தா திரும்பித்தானே விழும், ஐயா?"

"மரம் எப்படியம்மா திரும்பும்?"

இனி வாயால் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டையில் மையைத் தடவினாள். மேலே ஒரு புது இலையைப் போட்டாள். "நீங்களே ஏறி மிதிங்க, ஐயா. உங்க காலை நீங்க நம்புவீங்கல்ல?"

காடே பார்த்துக்கொண்டிருந்தது. மயிலாரால் மறுக்க முடியவில்லை. ஏறினார், நன்றாக மிதித்தார், இறங்கினார். இலையைத் தூக்கிப் பார்த்தார். மரம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அதே கோடுகள், அதே வானம்.

மயிலாரின் கழுத்து ஒருமுறை நீண்டு சுருங்கியது. இப்போது தப்பை ஒத்துக்கொள்வார், மரம் பிழைத்தது என்று கொத்தாயி நினைத்தாள். நரி பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடத் தயாரானான்.

"ஆகா," என்றார் மயிலார். "இந்த அழுத்தத்தைப் பாருங்கள். முதல் இரண்டிலும் இல்லாத ஒரு கனம் இதில் இருக்கிறது. முதல் பரிசு இந்த மூன்றாவது படத்துக்குத்தான்."

"இதை யாரு செஞ்சது ஐயா?" என்று ஒரு காகம் கேட்டது.

மயிலார் அடக்கமாகத் தன் காலைப் பார்த்தார். "கால் என்னுடையதுதான். நடுவர் போட்டியில் சேரக் கூடாது என்று நாம் எங்கும் சொல்லவில்லையே."

முதலில் கைதட்டியவன் நல்லமுத்து. பிழைத்தோம் என்கிற நிம்மதியில் அவன் தட்டிய தட்டில் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

பெரிய யானை முன்னால் வந்தது. "வாழ்த்துக்கள். எந்த மரத்தைத் தொடக் கூடாது, சொல்லுங்க. படத்துல இருக்கிற மரத்தைத்தானே கேப்பீங்க? அது எங்க நிக்குது?"

மயிலார் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அந்த மரம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கொத்தாயிக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. 'இவர் மிதித்தது என் கட்டை, என் படம், என் மரம்' என்று கத்தினால் இந்த இடத்திலேயே அவர் மானம் போய்விடும். போட்டியும் ரத்தாகும். விடிந்ததும் யானைகள் வாகை மரத்துக்குப் போய்விடும். அவள் இதுவரை எதற்கும் வாயை அடக்கியவள் இல்லை. அன்று அடக்கினாள். அது நாள் முழுக்கக் கட்டை செதுக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஐயா மறந்துட்டீங்களா?" என்றாள் மெதுவாக. "குளத்து வழியில நிக்குதே, காஞ்ச வாகை. தினமும் அதைப் பாத்துப் பாத்துத்தானே மனசுல வரைஞ்சீங்க?"

"ஆமாம், ஆமாம்!" என்றார் மயிலார். "அந்த வாகைதான். அது என் உயிர்."

"அதைத்தான் நாளைக்குத் தள்ளலாம்னு இருந்தோம்," என்றது யானை. "சரி, வழியைக் கொஞ்சம் வளைச்சுப் போட்டுக்கிறோம்."

முட்டைகள் பொரிந்தன. மயிலார் மட்டும் அந்த மரத்தை விடுவதாக இல்லை. தினமும் யாராவது நாலு பேரைக் கூட்டி வந்து, அந்தப் படம் தன் மனதில் எப்படி உருவானது என்று விளக்குவார். போகப் போக அந்த விளக்கம் நீண்டுகொண்டே போனது. மேலே பொந்தில் உட்கார்ந்து கொத்தாயி அத்தனையையும் கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அவளுக்கு வலித்தது.

"அம்மா, நம்ம மரத்தை அவருதான் செதுக்கினாரா?" என்று ஒரு குஞ்சு கேட்டது.

"வாயைத் திற. புழு நெளியுது பாரு," என்றாள் கொத்தாயி.

தெரியாது என்று சொல்ல வெட்கப்படுபவரை நடுவராக உட்கார வைத்தால், முதல் பரிசு கடைசியில் அவரிடமே போய்ச் சேரும்.