இரண்டு வெள்ளோட்டம்

படகுகளுக்கு வாய் இருந்த காலம் அது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரையில் இரண்டு பாய்மரப் படகுகள் விலைக்கு நின்றன. பெரியதன் பெயர் மகாராணி. சின்னதன் பெயர் சிட்டு.

வாங்க வந்தவர்கள் கஸ்பாரும் அவர் மனைவி அமலோற்பவமும். கஸ்பார் சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் உலகமெல்லாம் சுற்றிய காலம் முழுக்க, கரையில் நின்று கையசைத்தே அலுத்துப்போனவள் அமலோற்பவம். "இனிமே கடலுக்குப் போனா ரெண்டு பேரும் சேர்ந்துதான். நானும் சுக்கான் பிடிப்பேன், ஆமா" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். கரையோரமாகவே ஊர் ஊராகப் போவது, பிடித்த இடத்தில் நங்கூரம் போடுவது, படகிலேயே தூங்குவது என்று திட்டம்.

மகாராணியைப் பார்த்ததுமே கஸ்பாருக்கு வாயெல்லாம் பல்.

"ஏளா, பாத்தியா! உள்ள மூணு ரூம் இருக்கு. மகன் குடும்பத்துக்கு ஒண்ணு, என் தங்கச்சிக்கு ஒண்ணு, ஒன் தம்பிக்கு ஒண்ணு."

"நமக்கு?"

"நாம எங்கயாவது ஒரு ஓரத்துல படுத்துக்கிடலாம்!"

மகாராணி பெருமையாக ஒரு குலுங்கு குலுங்கியது. "எல்லாரையும் கூட்டிட்டு வாங்க! எனக்குக் கூட்டம்னா உசுரு."

"எங்கிட்ட ஒரே ரூம்தான்" என்றது பக்கத்தில் நின்ற சிட்டு. "நிமிந்தா தலை இடிக்கும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் குத்தம் சொல்லப்படாது."

கஸ்பார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். படகு மனசுக்குப் பிடித்தால், வாங்குமுன் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பார்கள். சொந்தபந்தம் அத்தனையும் அதில் ஏறியாக வேண்டும். ஒருத்தரை விட்டுப்போனாலும் ஆயுசுக்கும் பேச்சு வாங்கவேண்டியதுதான்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எல்லாரும் மகாராணியில் ஏறினார்கள். பிரியாணி அண்டாவும் ஏறியது. அமலோற்பவத்தின் தம்பி சந்தியாகுவும் அவன் கூட்டாளிகளும் சத்தம் போட்டுக்கொண்டே கயிற்றை இழுத்தார்கள். பாய் சும்மா ஜிவ்வென்று ஏறியது. மகாராணி போனது போக்கு! சும்மா சொல்லக்கூடாது, கல்யாண ஊர்வலம் தோற்றுப்போகும்.

"இதையே எடுங்க அத்தான்! நாங்க எல்லாம் வருவோம்ல!" என்று சந்தியாகு கத்தினான்.

கரை இறங்கியபோது அமலோற்பவத்தின் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது. படகின் கீழ்த்தட்டில் நின்று அத்தனை பேருக்கும் பிரியாணி பரிமாறியே பொழுது போய்விட்டது. சுக்கான் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவள் பார்க்கவில்லை. கடலுக்குப் போய்விட்டுக் கடலைப் பார்க்காமல் வந்த ஒரே ஆள் அவள்தான்.

"அடுத்த வாரம் கெளம்புறோம். யாரெல்லாம் வாறீங்க?" என்று கேட்டாள்.

சந்தியாகு தலையைச் சொறிந்தான். "கடையப் பாத்துக்க ஆள் இல்லியே அக்கா."

"எனக்கு முட்டுவலி மதினி" என்றாள் கஸ்பாரின் தங்கை ரெஜினா.

"லீவு கெடைக்காதும்மா. அடுத்த தடவ கண்டிப்பா" என்றான் மகன்.

கஸ்பார் அசரவில்லை. "போனாப் போவுது. கூலிக்கு நாலு ஆள் வச்சிக்கிடுவோம். அவனுவ பாய் இழுப்பானுவ. நீ சமைச்சுப் போட்டா போதும்."

வந்தது பாருங்கள் அவளுக்குக் கோபம்! "இத்தன வருசம் கரையில பொங்கினது பத்தாதுன்னு இனி கடல்லயும் பொங்கணுமா? நாளைக்கு இன்னொரு வெள்ளோட்டம். நீங்களும் நானும் மட்டும்!"

மறுநாள் காலை மகாராணியில் இருவர் மட்டும் ஏறினார்கள். இழுத்தார்கள், இழுத்தார்கள், அப்படி இழுத்தார்கள். பாய் பாதி மரம் ஏறி நின்றுகொண்டது. அதற்குமேல் அசைவேனா என்றது. கஸ்பாருக்கு மூச்சு வாங்கியது.

"கோவிச்சுக்கிடாதீங்க" என்றது மகாராணி. "எம் பாய்க்கு அஞ்சு ஆள் வேணும். நேத்து இழுக்க நெறைய கை இருந்துச்சு, அதான் ஒங்களுக்குத் தெரியல."

"இத நேத்தே சொல்லக்கூடாதா?"

"நேத்து யாரு என்னையக் கேட்டா? நானும் கூட்டத்தப் பாத்த சந்தோசத்துல இருந்துட்டேன். ஆனா ஒண்ணு, காலி ரூமச் சொமந்துக்கிட்டு அலைய எனக்கும் முடியாதுப்பா."

"இந்தப் பக்கமும் கொஞ்சம் வாறது" என்றது சிட்டு, எங்கோ பார்த்தபடி.

சிட்டுவில் ஏறினார்கள். கஸ்பார் உள்ளே எட்டிப் பார்த்து நிமிர்ந்தார். ணங்கென்று தலை இடித்தது.

"அன்னைக்கே சொன்னேனா இல்லியா?" என்றது சிட்டு.

தலையைத் தேய்த்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். ஒரு ஆள் இழுப்புக்கே பாய் உச்சிக்குப் போய்விட்டது. சுக்கானை அமலோற்பவம் பிடித்தாள். பிடித்த பிடியில் சிட்டு ஒரு வட்டம் அடித்தது.

"ஏ யக்கா, மெல்ல! நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு படகு நேராக ஓடத் தொடங்கியதும் பொலபொலவென்று அழுதாள். கஸ்பார் பதறிப்போய் என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சந்தோசமா இருக்கு. சும்மா இருங்க" என்றாள். அவர் பாய்க் கயிற்றைச் சரிசெய்தார். அன்று மாலையே சிட்டுவை வாங்கிவிட்டார்.

அடுத்த வாரம் வழியனுப்பச் சொந்தபந்தம் அத்தனையும் கரைக்கு வந்துவிட்டது. அதற்கு மட்டும் கடையும் முட்டும் லீவும் இடம் கொடுத்தன.

"பெருசா எடுத்திருந்தா நாங்களும் வந்திருப்போம்லாண்ணே!" என்று ரெஜினா மூக்கை உறிஞ்சினாள்.

"போற எடத்துல பெரிய குடும்பமாப் பாத்தா என்னையச் சொல்லி விடுங்க!" என்று மகாராணி குரல் கொடுத்தது.

நங்கூரம் மேலே வந்தது. "எல்லாரும் ஏறியாச்சா?" என்று சிட்டு கேட்டது.

அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள். பாய்க் கயிற்றைப் பிடித்தபடி, மறுபடி தலை இடித்துவிடாமல் கஸ்பார் குனிந்தே நின்றுகொண்டிருந்தார். கரையில் அத்தனை கைகளும் அசைந்தன.

"எல்லாரும் ஏறியாச்சு" என்று சொல்லிச் சுக்கானைத் திருப்பினாள்.