சொக்கி தூக்கி வந்த மூன்று குட்டிகள்

காட்டோரத்தில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு பழைய மோட்டார் அறை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு மனிதர்கள் போன பிறகு, அந்த அறையைச் சொக்கி என்ற மந்தி பிடித்துக்கொண்டாள். தான் குடியிருக்க அல்ல. பூனைகளுக்காக!

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வீட்டில் பூனை குட்டி போட்டால், குட்டிகளைச் சாக்கில் கட்டிக் காட்டோரம் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். சொக்கி அந்தச் சாக்குகளை அவிழ்ப்பாள். குட்டிகளை மோட்டார் அறைக்குக் கொண்டுவந்து இலவம்பஞ்சுப் படுக்கையில் கிடத்துவாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவளுக்குத் துணையாக இரண்டு பேர் இருந்தார்கள். வெள்ளாடு செல்லாயி தன் குட்டி குடித்தது போக மிச்சப் பாலைக் கொடுப்பாள். காக்கை காத்தான் காட்டைச் சுற்றி வந்து தகவல் சொல்வான். அவ்வளவுதான் காப்பகம்.

சொக்கியிடம் ஒரே ஒரு குறை. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். குட்டிக்குப் பால் புகட்டும்போதே வாசலைப் பார்ப்பாள். வாசலைப் பார்க்கும்போதே கூரைக்குத் தாவுவாள். ‘இந்நேரம் எந்தக் குட்டி எங்கே கத்துதோ!’ என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது. தூக்கத்தில்கூட அவள் கால்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மேகம் திரண்டு கிடந்த ஒரு நாள் மதியம், காத்தான் அலறியடித்துக்கொண்டு வந்தான்.

“அக்கா! தாழம்புதர்ல மூணு குட்டி! கண்ணுகூடத் திறக்கல! பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல!”

சொன்னவனே காக்கை என்பதை யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. சொக்கி பாய்ந்தாள். அவள் கால் பட்டுப் பால் வைத்திருந்த கொட்டாங்குச்சி உருண்டு, பால் முழுக்கத் தரையில் கொட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தாழம்புதரின் அடியில் மூன்று சாம்பல் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளித் தண்ணீரில் நெட்டையன் என்ற கொக்கு மீனுக்காக நின்றுகொண்டிருந்தான்.

“ஏய் சொக்கி! குதிக்காதே! மீனெல்லாம் ஓடுது!” என்று கடுகடுத்தான்.

“மீன் கெடக்கட்டும் அண்ணே! இங்க மூணு பச்சக் குழந்தைங்க அநாதையாக் கெடக்கு!”

“அநாதைன்னு உனக்கு யாரு சொன்னா? சாக்கு எங்க? கயிறு எங்க? தாய்க்காரி இரை தேடப் போயிருப்பா. செத்த நேரம் இருந்து பாரேன்!”

“இருந்து பாக்கவா? அதுக்குள்ள பாம்பு வந்தா? மழை வந்தா? ஒத்தக் கால்ல நிக்கிறது உனக்குச் சரி. எனக்கு வேலை இருக்கு!”

மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

மோட்டார் அறையில் செல்லாயி குட்டிகளை முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“அக்கா, வயிறெல்லாம் தம்முன்னு இருக்கே! பட்டினி கெடந்த குட்டிங்க மாதிரியே இல்ல. மேலெல்லாம் நக்கி நக்கிச் சுத்தமா வேற இருக்கு.”

“வயித்துல பூச்சி இருக்கும்!” என்றாள் சொக்கி. பல குட்டிகளைப் பார்த்தவள் அல்லவா? எதற்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது.

செல்லாயி மறுபடி பால் கொடுத்தாள். சொக்கி பஞ்சைப் பாலில் நனைத்துக் குட்டிகளின் வாயில் வைத்தாள். அவை முகத்தைத் திருப்பிக்கொண்டன. பஞ்சை முட்டி முட்டி எதையோ தேடின. கிடைக்காமல் வீறிட்டன. சொக்கி அவற்றை வாசலுக்குத் தூக்கினாள், மூலைக்குத் தூக்கினாள், மடியில் போட்டு ஆட்டினாள்.

“ஒரு சொட்டு குடிடா, என் ராசா! ஒரே சொட்டு!”

பொழுது சாயச் சாய மூன்றின் வயிறும் ஒட்டிப்போனது. இருப்பதிலேயே சின்னக் குட்டி கத்துவதையே நிறுத்திவிட்டது. அப்போதுதான் சொக்கி ஆட்டுவதை நிறுத்திவிட்டு, வாசல் வழியே தாழம்புதர்ப் பக்கம் பார்த்தாள்.

குளத்துப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. காத்தான் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இந்த முறை அவன் குரல் உள்ளே போயிருந்தது.

“அக்கா... காது மூளியான சாம்பல் பூனை ஒண்ணு தாழம்புதரைச் சுத்திச் சுத்திக் கத்துது. மண்ணைப் பறண்டிப் பறண்டிப் பாக்குது.”

செல்லாயி சொக்கியைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது சொக்கிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சொக்கி மூன்று குட்டிகளையும் வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். “இந்தா! உன் குட்டிங்க! வாங்கிக்கம்மா!” என்று கூவிக்கொண்டே போனாள்.

மூளிக்காதி காட்டிலேயே பிறந்து காட்டிலேயே வளர்ந்தவள். யாருடைய கையும் அவள்மேல் பட்டதில்லை. தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு குரங்கு கத்திக்கொண்டே பாய்ந்து வந்தால் அவளுக்கு என்ன தோன்றும்? முடி சிலிர்க்கச் சீறினாள். பிறகு காட்டுக்குள் ஓடினாள். சொக்கி துரத்தினாள். அவள் இன்னும் தூரம் ஓடினாள்.

“நில்லு!” என்று நெட்டையன் கத்தினான். “நீ துரத்துனா அவ ஓடத்தான் செய்வா! குட்டிங்கள எடுத்த எடத்துல வச்சிட்டுத் தூரப் போய் உக்காரு! அசையாதே!”

“அவ வரலேன்னா?”

“எனக்கு என்ன தெரியும்? நானும் மீன் வரும்னுதான் நிக்கிறேன். உக்காரு!”

சொக்கி குட்டிகளைப் புதரடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்ற நாவல் மரத்தில் ஏறி உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். கட்டெறும்பு கடித்தது. சொறியவில்லை. உடம்பெல்லாம் ‘போ, போ’ என்று அவளைப் பிடித்துத் தள்ளியது.

வெகு நேரம் கழித்து மூளிக்காதி பதுங்கிப் பதுங்கி வந்தாள். குட்டிகளை முகர்ந்தாள். குரங்கு வாடை! சட்டென்று பின்வாங்கினாள். மறுபடி வந்தாள். ஒன்றைக் கவ்விக்கொண்டு போனாள். திரும்பி வந்து இரண்டாவதைக் கவ்விக்கொண்டு போனாள்.

அதன்பிறகு அவளைக் காணோம்.

மழை பிடித்துக்கொண்டது. சின்னக் குட்டி தனியாக நனைந்து கிடந்தது. அசைவே இல்லை. சொக்கியின் ஒரு கால் தானாகக் கிளையைவிட்டு இறங்கியது.

“கைய வச்சே, கெட்டுது!” என்றான் நெட்டையன்.

சொக்கி காலை இழுத்துக்கொண்டாள். தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு அழுதாள். ஓடி ஓடிக் காப்பாற்றிய நாளெல்லாம் எவ்வளவு சுலபம்! சும்மா உட்கார்ந்திருப்பது அவளைக் கொன்றது.

கடைசியில் மூளிக்காதி வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். சின்னக் குட்டியைப் புரட்டிப் புரட்டி நக்கினாள். அது ‘மீ’ என்று முனகியது. சொக்கி தன்னை மறந்து, “அப்பாடா!” என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

மூளிக்காதி தலையைத் தூக்கி நாவல் மரத்தைப் பார்த்தாள். இந்த முறை அவள் ஓடவில்லை.

“நீதானா?” என்று கேட்டாள். “போன வருஷமும் இதே புதர்லதான் குட்டி போட்டேன். எலி புடிச்சிட்டு வந்து பாத்தா ஒண்ணக்கூடக் காணோம். பருந்து கொண்டுபோயிருச்சுன்னு நெனச்சேன். மடியில பால் கட்டிக்கிட்டு, நடக்க முடியாமக் கெடந்தேன்.”

சொக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருஷம் இதே புதரிலிருந்து அவள் தூக்கி வந்து வளர்த்த நான்கு சாம்பல் பூனைகள் மோட்டார் அறையில் இருந்தன. ‘பாம்பு வாயிலேருந்து மீட்டேன்’ என்று போகிற வருகிற குரங்குகளிடமெல்லாம் அவற்றைக் காட்டிப் பீற்றிக்கொள்வாள். உண்மையில் அன்று அங்கே பாம்பே இல்லை. வந்துவிடுமோ என்று அவள் பயந்தாள், அவ்வளவுதான்.

“நான்தான் தூக்கிட்டுப் போனேன்!” என்று அழுதாள். “என்னை மன்னிச்சிரும்மா! நாலும் நல்லா இருக்கு! வளந்து ஆளாயிருச்சு! வா, வந்து பாரு!”

மூளிக்காதி மழைக்குள் மோட்டார் அறைப் பக்கம் இரண்டடி வைத்து நின்றாள்.

“வந்தா, ‘இது யாரு’ன்னு என் புள்ளைங்க உன்கிட்டத்தான் கேக்கும்,” என்றாள். பிறகு சின்னக் குட்டியைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டாள்.

பிறர் துயரைத் துடைக்க ஓடுவது நல்லதுதான், ஆனால் அங்கே துயரம் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்காதவர், துடைக்கப் போன கையாலேயே அதை உண்டாக்கிவிடுவார்.