முந்நூறு பாட்டும் ஒரு பரிசலும்

வீரகேது மகாராஜா நெடுந்துறையை ஆண்டபோது, அவருடைய சபையில் என்னைப் போன்ற அறிவாளி யாரும் இல்லை. இதை வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொண்டேன். என் அப்பா உப்பு வண்டி ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் எழுத்தாணி பிடித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில்தான் பரிசல் ஓட்டுவது பற்றி முந்நூறு பாட்டில் ஒரு நூல் எழுதினேன். பரிசலில் ஏறியதில்லை. அது தடையாகவும் தோன்றவில்லை.

அமைச்சர் கருணாகரருக்கு நூல் மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்றே நாளில் மனப்பாடம் செய்து சபையில் ஒப்பித்தார். பரிசல் துறையில் இளைஞர்கள் இரண்டு வருடம் பழகுவது வீண், நூலை ஒப்பித்தவனே பரிசல்காரன், வேறு தகுதி கேட்கக் கூடாது என்று ஆணை வாங்கினார். துறையில் அவர்களைப் பழக்கிக்கொண்டிருந்த நல்லக்காள் என்ற பரிசல்காரியை ஆடிப்பெருக்கோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒப்பித்த அறுபது பேருக்குச் செப்பு முத்திரை கிடைத்தது. முதல் முத்திரையை அமைச்சரே அணிந்துகொண்டார். ஆடிப்பெருக்கன்று திருவிழாக் கூட்டத்தை அக்கரை சேர்க்க வேண்டியது அந்த அறுபது பேர்தான்.

ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு நல்லக்காள் என்னைத் தேடி வந்தார். கோபப்படவில்லை. முதல் பாட்டைச் சொல்லச் சொன்னார். பரிசலின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்து, பக்கவாட்டில் துடுப்புப் போடு என்று பாடினேன்.

"தம்பி, பரிசல் வட்டமா இருக்குமே. அதுக்கு மூக்கு எங்க இருக்கு?"

நீளப் படகுகளைப் பற்றிய ஓலைகளைப் பார்த்துத்தான் நான் எழுதியிருந்தேன். அறுபது பேர், ஆற்றில் புதுவெள்ளம், பரிசலுக்குப் பத்துப் பதினைந்து தலைகள். ஆணையைத் தவறு என்றால் அமைச்சர் என்னை விடமாட்டார். சொல்லாவிட்டால் என் மனசு விடாது.

ஆடிப்பெருக்கன்று முதல் பரிசலில் ராஜா அக்கரை போய்ப் பூத்தூவுவது வழக்கம். அவர் போன பிறகுதான் ஜனங்கள் ஏறலாம். நல்லக்காள் வந்துபோன மறுநாள் சபையில் எழுந்தேன். முதல் முத்திரை வாங்கியவரே மகாராஜாவுக்குப் பரிசல் ஓட்டுவதுதான் முறை என்று பணிவாகச் சொன்னேன். அமைச்சர் முகம் வெளுத்தது. நொடியில் சமாளித்து, அந்தப் பெருமை நூலாசிரியருக்கே உரியது என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் அவ்வளவு பெரிய அறிவாளி இல்லை.

"இரண்டு பேரும் ஓட்டுங்கள்," என்றார் ராஜா.

நல்லவேளை, எதற்கும் இருக்கட்டும் என்று பரிசலின் அடியில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் பிடித்துக்கொள்ளும்படி நல்லக்காளிடம் கேட்டு வைத்திருந்தேன்.

ஆடிப்பெருக்கன்று ராஜா, அமைச்சர், நான் மூவரும் ஏறினோம். நானும் அமைச்சரும் ஆளுக்கொரு பாட்டாகச் சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் துடுப்புப் போட்டோம். பரிசல் சுற்றியது. வேகமாகப் போட்டோம். வேகமாகச் சுற்றியது. அமைச்சர் நாற்பதாம் பாட்டில் வாந்தி எடுத்தார்.

"அமைச்சரே, நம் ஊரில் எத்தனை கோபுரம்?" என்றார் ராஜா.

"ஒன்றுதான் மகாராஜா."

"நான் இதுவரை பதினாறு பார்த்துவிட்டேன்."

கரையில் ஜனங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ராஜா என் பக்கம் திரும்பினார். "புலவரே, உம்முடைய நூலில் பிழை இருக்கிறதா?"

"தளை தட்டும் இடம் ஒன்றுகூட இல்லை மகாராஜா. ஊரே ஒப்பித்துவிட்டது. இந்த ஆறு மட்டும்தான் இன்னும் படிக்கவில்லை."

ராஜா பரிசல் ஆடும்படி சிரித்தார். நான் கயிற்றைக் காட்டியதும் இழுக்கச் சொன்னார். கரை சேர்ந்ததும், நல்லக்காளிடம் எட்டு மாதமாகப் பரிசல் பழகும் குயிலி என்ற பெண் ஏறி, துடுப்பை முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுத்தாள். பரிசல் நேராக அக்கரை போனது. அன்று கூட்டத்தையும் துறையில் பழகியவர்களே கடத்தினார்கள்.

ஆணை ரத்தாயிற்று. அறுபது பேரும் நல்லக்காளிடம் இரண்டு வருடம் பழக வேண்டும், சாப்பாடு அரண்மனையில் என்று புது ஆணை வந்தது. எனக்கும் பரிசு உண்டு என்றார் ராஜா. கையில் போடும் தங்கத் தோடாவாக இருக்கும் என்று கையை நீட்டினேன். துடுப்பைக் கொடுத்தார். நான் அறுபத்தோராவது ஆள்.

முதல் நாள் பரிசலில் ஏறி, எந்தப் பக்கம் மூக்கு என்று நல்லக்காளிடமே கேட்டேன்.

"நீ எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம்தான் தம்பி மூக்கு."

முந்நூறு பாட்டிலும் இல்லாத வரி. உடனே எழுதிக்கொள்ள எழுத்தாணியைத் தேடினேன். இரண்டு கையிலும் துடுப்பு இருந்தது.