பத்தில் ஒரு பங்கு

"எதைத் தொட்டாலும் அடிக்க வர்றாங்க மேடம். இதுக்கு மேல நான் எங்கே போய் வெட்டறது?"

தில்லைநாயகம் கையிலிருந்த தடித்த மதிப்பீட்டுக் கோப்பை, தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோல் மேசைமேல் இறக்கினார்.

எதிரே உட்கார்ந்திருந்த அமலோற்பவம் அதைத் திறக்கவில்லை. சீவிய நுங்கு ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதல்ல இதைச் சாப்பிடுங்க சார்."

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அவளுக்கு முப்பத்து நான்கு. கடலோரத்து எரிவாயு நிலையம் ஒன்றில் அவள் ஷிப்டுப் பொறுப்பாளர். திட்டச் செலவைக் குறைக்க வழி தெரியாதவர்கள் கடைசியில் அவளிடம்தான் போவார்கள் என்று அந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. எப்படிக் குறைத்தாள் என்று கேட்டால், போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். சொல்ல மாட்டார்கள்.

பத்து மைல் தள்ளி, உப்பளங்களுக்கு அப்பால், நான்கு கிணறுகளில் வாயு இருந்தது. அதைச் சேர்த்து எடுக்கப் புதிதாக ஒரு நிலையம் கட்ட வேண்டும். ஆறு வருடமாகத் தில்லைநாயகம் அந்த நிலையத்தைக் காகிதத்தில் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது தலைமை அலுவலகம் முடிவாகச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். குறையாவிட்டால் திட்டம் கிடையாது. கிணறுகளின் வாயில் சிமெண்டை ஊற்றி மூடிவிடுவார்கள்.

அன்று புதன்.

"இதுவரைக்கும் எப்படிக் குறைச்சீங்க?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாம. எல்லாத்துலயும் பத்துல ஒண்ணு. பெயிண்டுல, வேலியில, ஆளுங்க நிக்கற நிழற்கூரையில. ஏணியில கூட."

"ஏணியிலயுமா?"

"பத்துப் படிக்கு ஒரு படி."

அவள் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். அவரும் மாட்டிக்கொண்டு பின்னால் போனார். வெளியே வெயில் சுட்டது. உயரத்தில் ஒரு பெரிய வால்வு இருந்தது. அதற்கு ஏற ஒரு ஏணி. இருபது படி. அவள் ஏறிப்போய், பதினெட்டாம் படிக்கு மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு இறங்கினாள்.

"போய் அந்த வால்வை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க சார். துணிக்கு மேல கால் வைக்கக் கூடாது. அந்த ரெண்டு படியை நீங்க வெட்டிட்டீங்க."

தில்லைநாயகம் ஏறினார். பதினெட்டாம் படியில் நின்று கையை நீட்டினார். சக்கரத்தை விரல் நுனி தொட்டது. பிடிக்க முடியவில்லை. குதிகாலைத் தூக்கினார். அப்போதும் நுனிதான் தொட்டது.

கீழே நிலையத்து ஆபரேட்டர் மீரான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், கவலைப்படாதீங்க. புது நிலையத்துக்கு ஆறரை அடி ஆளுங்களாப் பார்த்து எடுத்துக்கலாம்."

இறங்கி வந்தபோது தில்லைநாயகத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேரே அறைக்குள் போனார். கோப்பைத் திறந்தார். தான் வெட்டிய ஒவ்வொன்றையும் பழையபடி திருத்தி எழுதினார். பெயிண்ட் வந்தது. வேலி வந்தது. கூரை வந்தது. இருபது படியும் வந்தன.

"இப்போ ஒண்ணுமே குறையலை," என்றார்.

"நல்லது. இனிமே ஆரம்பிக்கலாம்," என்றாள்.

குழாய்கள் வரைந்த பெரிய தாளை மேசையில் விரித்தாள். நான்கு மூலையிலும் தோண்டித் தின்ற நான்கு நுங்குக் காய்களை எடையாக வைத்தாள்.

"நான் ஒவ்வொண்ணாத் தொடுவேன். அது என்ன வேலை செய்யுதுன்னு ரெண்டே வார்த்தையில சொல்லணும். பேரு வேண்டாம். வேலை மட்டும்."

தில்லைநாயகத்துக்கு இது சுலபமாகப் பட்டது. இருபத்தொன்பது வருட அனுபவம்.

அவள் ஒரு தொட்டியைத் தொட்டாள்.

"தண்ணியைப் பிரிக்கும்."

ஒரு பம்பைத் தொட்டாள்.

"தீயை அணைக்கும்."

"பக்கத்துல இருக்கறது?"

"அதுவும் தீயை அணைக்கும். முதல் பம்பு ஓடலைன்னா இது ஓடும்."

"இருக்கட்டும்," என்று விரலை நகர்த்தினாள்.

அவள் தொடத் தொட அவர் சொல்லிக்கொண்டே போனார். அழுத்தத்தைக் குறைக்கும். அளவைக் காட்டும். வாசலில் நின்ற மீரான் ஒவ்வொரு விடைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான், பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்தவன்போல.

எல்லாக் குழாய்களையும் ஒட்டியே ஓடிய ஒரு புள்ளிக்கோட்டில் அவள் விரல் நின்றது. குழாய் எங்கெல்லாம் போனதோ, அந்தக் கோடும் அங்கெல்லாம் கூடவே போயிற்று.

"அது வெப்பக் கம்பி."

"பேரைக் கேக்கலை சார்."

"குழாயைச் சூடாக்கும்."

"எதுக்கு?"

"உள்ள இருக்கற தண்ணி..."

அவர் நிறுத்தினார். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே குழாய்களின்மேல் கானல் நெளிந்தது.

"உறைஞ்சு போகாம இருக்க," என்று மிக மெதுவாகச் சொன்னார்.



பிறகு மீரான் தொண்டையைச் செருமினான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நேத்துதான் அந்தக் குழாய் மேல அப்பளம் பொரிக்கலாமான்னு பேசிக்கிட்டிருந்தோம்."

முதலில் சிரித்தது அமலோற்பவம். அடுத்து மீரான். கடைசியாகச் சிரித்தவர் தில்லைநாயகம். ஆனால் அவர்தான் நெடுநேரம் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

கம்பி போயிற்று. கம்பிக்கு மின்சாரம் கொடுக்க வைத்திருந்த மின்மாற்றி போயிற்று. மின்மாற்றியை வைக்கக் கட்டவிருந்த கட்டடமும் போயிற்று. அவர் அடித்து அடித்துக் கூட்டினார். பத்து ரூபாய் குறைய வேண்டிய இடத்தில் ஏழு ரூபாய் குறைந்திருந்தது.

"மிச்சம் மூணு?"

"இந்தத் தாள்ல இல்லை. இது நீங்க எழுதின தாள். மத்ததெல்லாம் வேற வேற ஆளுங்க எழுதினது."

"அப்போ என்ன பண்றது?"

"உங்க இயக்குநருக்குப் போன் போடுங்க."

"ஏழு குறைஞ்சதைச் சொல்லவா?"

"ஏன் குறைஞ்சுதுன்னு கேப்பார். அதுல மட்டும் எதையும் வெட்டாதீங்க."

சென்னையில் இருந்த இயக்குநர் வேதாசலமும் தில்லைநாயகமும் ஒருகாலத்தில் வடக்கே ஒரு குளிர் நாட்டில், ஒரே அறையில் தங்கி, ஒரே எண்ணெய்த் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள். திரும்பி வந்தபின் ஒருவர் இயக்குநரானார். அன்றிலிருந்து இருவர் பேச்சுக்கும் நடுவில் சாரும் மிஸ்டரும் வந்து உட்கார்ந்துகொண்டன.

"சொல்லுங்க மிஸ்டர் தில்லைநாயகம்."

"பத்துக்கு ஏழு குறைஞ்சிருக்கு சார். வெப்பக் கம்பியையும் அதைச் சேர்ந்ததையும் எடுத்துட்டேன்."

"காரணம் என்னன்னு எழுதறது?"

தில்லைநாயகத்துக்குத் தெரியும். 'வடிவமைப்பு மறுபரிசீலனை' என்று எழுதினால் போதும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். இருபத்தொன்பது வருடமாக அப்படிப்பட்ட வரிகளைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் நுங்கைத் தோண்டுவதிலேயே கவனமாக இருந்தாள்.

"இங்க தண்ணி உறையாது சார்."

"அது ஆறு வருஷமாத் தெரியாதா?"

"தெரியும் சார். அந்தக் குளிர் நாட்டுத் திட்டத்தோட விவரப் புத்தகத்துல இருந்து குழாய்ப் பகுதியை எடுத்து, ஊர்ப் பேரை மட்டும் மாத்தினேன். மத்ததையெல்லாம் அப்படியே விட்டுட்டேன். கம்பியைப் போட்டது வேற யாரும் இல்லை. நான்தான். கையெழுத்தும் என்னுது."



போயிற்று என்று நினைத்தார் தில்லைநாயகம். திட்டம் போயிற்று, கிணறு போயிற்று, ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கையில் பேரும் போயிற்று. ஆனால் நெஞ்சு ஏனோ கனக்கவில்லை. மழை விட்ட மைதானம்போல் கிடந்தது.

போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி புரண்டது.

"தில்லை."

அந்தப் பேரைச் சொல்லி வேதாசலம் அவரை அழைத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

"சொல்லுங்க சார்."

"மதிப்பீட்டுல நூத்திப் பதினாலாம் பக்கம் எடு. கட்டடங்கள். எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"ஒன்பது கட்டடத்துக் கூரைக்கும் எவ்வளவு இரும்பு போட்டிருக்குன்னு பாரு. எதைத் தாங்கறதுக்குன்னும் படி."

தில்லைநாயகம் விரலை வைத்துப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து இன்னொரு முறை படித்தார்.

"நாலடிப் பனி சார்."

"அதுக்குக் கீழே?"

"பனி தள்ளுற வண்டி ரெண்டு. அதை நிறுத்த ஒரு ஷெட்டு."

"மிச்ச மூணும் தேறுமா?"

"தாராளமா."

"எழுதிக்கோ," என்றார் வேதாசலம். "அதே புத்தகத்துல இருந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் போட்டது நான்."