சிவப்பு எரியும்போது பேசலாம்

இதில் பெரும்பகுதி நான் கண்ணால் பார்த்தது இல்லை. ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மைக்கும் ஸ்பீக்கரும் விற்கும் கோகிலவாணி சொல்லிக் கேட்டது. அவரும் பாதியைத்தான் நேரில் அறிந்தவர். மீதியை மேட்டுக்கல்பாளையத்தில் குப்பை வண்டி ஓட்டும் செல்வராணி அவருக்குச் சொல்லியிருக்கிறார். நம்ப முடியாத இடங்களை நீக்கிவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன். நீக்கினால் கதையே மிஞ்சவில்லை.

மேட்டுக்கல்பாளையத்தில் வெள்ளிங்கிரி என்று ஒருவன். மாவு மில் வைத்திருந்தான். கல்யாண வீடுகளில் பாடும் இசைக்குழுவில் பதினோரு வருடமாக இருந்தான். இருந்தான் என்றால், கடைசி வரிசையில் நின்று "ஓ... ஓ..." என்று சொல்வான். கடைசி வரிசை மைக்கை எந்தக் கல்யாணத்திலும் யாரும் போட்டுவிட்டதில்லை. அது போடாத மைக் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பதினோராம் வருடத்தில் அவன் மனைவி துளசிமணி அதையும் சொல்லிவிட்டாள்.

"ஏனுங், இத்தன வருசமா மேடையில நிக்கறீங்க. உங்க சத்தத்த இந்த ஊர்ல ஒருத்தர் கேட்டிருப்பாங்களா?"

அன்றிலிருந்து வெள்ளிங்கிரிக்கு ஒரே ஆசை. தன் குரல் ஊர் முழுக்கக் கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டாலும் போதும்.

அந்த நேரத்தில்தான் பேரூராட்சிக்கு பேட்டரியில் ஓடும் புதுக் குப்பை வண்டி வந்தது. மக்கும் குப்பை பச்சைக் கூடையில், மக்காத குப்பை நீலக் கூடையில் என்று சொல்லிக்கொண்டே அது வீதி வீதியாகப் போக, ஒரு பாட்டு வேண்டும். நானே பாடித் தருகிறேன் என்று வெள்ளிங்கிரி போய் நின்றான். சுகாதார ஆய்வாளர் சுந்தராம்பாள் மேடம் வெள்ளிங்கிரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாட்டு பென் டிரைவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்து வைத்திருக்கும் பாட்டையே போட்டுவிடுவார்கள்.

வெள்ளிங்கிரி இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான். ஒருவன் நாச்சிமுத்து, இலவம்பஞ்சு மெத்தைக் கடைக்காரன். அவனிடம் பழைய கம்ப்யூட்டரும் கீபோர்டும் இருந்தன. இன்னொருவர் லாரி டிரைவர் திருமூர்த்தி. அவருக்குப் பாட்டும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்வார். அந்த ஊரில் அறிவு என்றால் அதுதான். அதனால் அவரைத் தலைமைக்கு வைத்தார்கள்.

மூவரும் ஈரோடு போய் மைக், ஹெட்போன், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி எல்லாம் வாங்கினார்கள். கோகிலவாணி பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மூவரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள். தலையாட்டிய வேகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அவர் மைக் வந்த அட்டைப்பெட்டியின் மூடியிலேயே எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தார்.

"ஏனுங்ண்ணா, இதுல இருக்கறபடியே செய்யுங்க. சொந்தமா எதுவும் யோசிக்க வேண்டாம்."

"நாங்க எப்பவுமே யோசிக்கறதில்லீங்க" என்றார் திருமூர்த்தி. அந்த வாரத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அது.

வெள்ளிக்கிழமை காலையில் மெத்தைக் கடையின் உள்ளறையில் வேலை தொடங்கியது. அட்டை மூடியின் முதல் வரி: 'அறையில் எதிரொலி வரக் கூடாது. மெத்தை, துணி வைத்து அடைக்கவும்.'

மெத்தைக் கடைக்காரனிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? நாச்சிமுத்து இருபத்திரண்டு மெத்தைகளை உள்ளே அடைத்தான். தரையிலிருந்து கூரை வரை, சுவரிலிருந்து சுவர் வரை. எதிரொலி போயே போய்விட்டது. ஆள் நுழையவும் இடமில்லை.

"மைக் எங்கடா?" என்றான் வெள்ளிங்கிரி.

"நடுவுல இருக்குது."

"நான் எங்க நிக்கறது?"

இதை மூடியில் தேடினார்கள். இல்லை. அரை மணி நேரம் ஆலோசித்து, ஆறு மெத்தைகளை வெளியே எடுத்தார்கள். மூன்று பேர் பக்கவாட்டில் நிற்கும் அளவுக்கு ஒரு சந்து கிடைத்தது.

இரண்டாவது வரி: 'கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் மைக்குக்குக் கேட்கக் கூடாது.' கம்ப்யூட்டர் பெட்டியை இரட்டைப் போர்வையால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். சத்தம் நின்றது. பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டரும் நின்றது. போர்வைக்குள் கைவிட்ட நாச்சிமுத்து பதறிப் போனான்.

"அண்ணா, அனலாக் கொதிக்குதுங்ண்ணா!"

"காய்ச்சல்" என்றார் திருமூர்த்தி. "போர்வைய எடுத்துட்டு அக்கட்டால காத்தோட்டமாப் படுக்க வை."

பெட்டியைக் கதவுக்கு வெளியே, கடையின் மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஒயர்களை மட்டும் உள்ளே இழுத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் செய்வதும் இதைத்தான். காய்ச்சல் என்று சொல்லிச் செய்வதில்லை.

மூன்றாவது வரி: 'வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி.'

"யாரு சாண்?" என்றான் நாச்சிமுத்து.

கனமான கேள்வி. மூவரும் கைகளை விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மூன்றும் மூன்று அளவு.

"பாடறவன் நான். என்ற சாண்தான்" என்றான் வெள்ளிங்கிரி.

"மைக்கு வெளிநாட்டுது. அங்கத்த ஆளுக்குக் கை பெருசு. இங்க பெரிய கை என்னுதுதான்" என்றார் திருமூர்த்தி.

அதோடு முடிந்தது. அவருடைய கட்டைவிரல் மைக்கிலும் சுண்டுவிரல் வெள்ளிங்கிரியின் உதட்டிலும் இருக்க, பாட்டு முடியும் வரை கையை எடுப்பதில்லை என்று தீர்மானம். லாரி ஸ்டியரிங் பிடித்த அந்தக் கையைத் தாண்டிக் குரல் மைக்குக்குப் போவது கஷ்டம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் மூடியில் ஒரு வரி இருந்தது: 'வெளிச்சத்தம் தொந்தரவு செய்தால் ஹெட்போன் போடவும்.'

"யாருக்குப் போடறது?" என்றான் வெள்ளிங்கிரி.

"தொந்தரவு யாருக்கு? எனக்குத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி. உனக்கும் பழக்கம். புதுசா வந்தது மைக்குத்தான்" என்றான் நாச்சிமுத்து.

எனவே ஹெட்போனை மைக்குக்கு மாட்டினார்கள். மைக்குக்குக் காது இல்லாததால் அது வழுக்கியது. ஒரு தலையணை உறையால் இறுக்கிக் கட்டினார்கள்.

அடுத்து, 'திரையில் உள்ள சிவப்பு வட்டத்தை அழுத்தவும்' என்றிருந்தது. அழுத்தினால் என்ன ஆகும் என்று கோகிலவாணி எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

நாச்சிமுத்து அழுத்தினான். வட்டம் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது.

வெள்ளிங்கிரி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தான். உதட்டிலிருந்த சுண்டுவிரல் வாயை மூடியது.

"என்றா பண்ற? சிவப்பு எரியுது. சிவப்புன்னா என்ன?"

"நிக்கணும்ங்ண்ணா."

"பத்தொம்பது வருசமா லாரி ஓட்டறேன். சிவப்புல நகந்ததில்ல. அது அணையட்டும்."

நாச்சிமுத்து திரையை உற்றுப் பார்த்தான். "அண்ணா, பக்கத்துல நொடி ஓடுதுங்களே?"

"சிக்னல்லயும் சிவப்பு எரியறப்ப நொடி ஓடும். பாத்ததில்ல?"

"அது எறங்கும்ங்ண்ணா. இது ஏறுது."

"நம்மூரு சிக்னல் எறங்கும். வெளிநாட்டு சிக்னல் ஏறும்" என்றார் திருமூர்த்தி.

இதற்கு மேல் என்ன சந்தேகம் வரும்? நாச்சிமுத்து மறுபடி அழுத்தினான். சிவப்பு அணைந்தது. உடனே சாண் வைத்து, ஹெட்போன் கட்டிய மைக்கின் முன்னால் வெள்ளிங்கிரி பல்லவியை முழுமூச்சாகப் பாடினான். பல்லவி முடிந்ததும் நாச்சிமுத்து வட்டத்தை அழுத்தி சிவப்பை எரியவிட்டான். நிறுத்தியாயிற்று. திருமூர்த்தி கையை எடுத்து உதறிக்கொண்டார். மைக்குக்கும் வேர்க்குமே என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள். சிவப்பு எரிய எரிய, மூவரும் மைக்கைச் சுற்றி உட்கார்ந்து இளைப்பாறினார்கள்.

"இப்பப் பேசலாம்ங்களா?" என்றான் வெள்ளிங்கிரி.

"நிக்கற வண்டியில ஏறி எறங்கறதுக்கு என்ன? தாராளமாப் பேசு."

பேசினார்கள்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எவன் கேக்கப் போறான்?" என்றான் நாச்சிமுத்து. "மூணாவது வீதி கணக்கு வாத்தியார் சோத்தையும் பாட்டிலையும் ஒண்ணாக் கட்டி வீசறாரு. ஊருக்கே கூட்டல் கழித்தல் சொல்லிக் குடுத்த மனுசன்."

"பேரூராட்சித் தலைவர் வீட்டுக் குப்பை பின்பக்கமா வாய்க்காலுக்குப் போகுதே, அதச் சொல்லு" என்றார் திருமூர்த்தி.

"ஏனுங்ண்ணா, நம்ம ஆய்வாளரம்மா வீட்லயே ஒரே கூடைதானுங்! மெத்தை எறக்கப் போனப்ப பாத்தேன். பச்சையும் இல்ல, நீலமும் இல்ல. மஞ்சக் கலரு."

வெள்ளிங்கிரி கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தான். "டேய், மெதுவாப் பேசுடா. மேடம் காதுல விழுந்தா என்ற பாட்டு போச்சு!"

"சிவப்பு எரியறப்ப எப்புட்றா விழும்?" என்றார் திருமூர்த்தி.

அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. மனம் லேசாகி, கீழ வீதி முழுக்க யார் யார் எதை எங்கே கொட்டுகிறார்கள் என்று கதவு எண் தவறாமல் அவனே சொன்னான். சரணத்துக்குச் சரணம் இப்படி இளைப்பாறி, பாட்டு ஒன்பது நிமிடமும் ஓய்வு நாற்பது நிமிடமுமாக மத்தியானத்தில் வேலை முடிந்தது. கடைசியில் எந்தப் பொத்தானை அழுத்திப் பென் டிரைவில் ஏற்றுவது என்ற வரியை மட்டும் அவர்கள் துளிப் பிசகாமல் செய்தார்கள். அதிலும் தவறியிருந்தால் ஊர் தப்பியிருக்கும்.

மூடியில் இரண்டு வரிகள் மிச்சமிருந்தன. 'பதிவை மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளவும்.' பென் டிரைவை ஒரு மணி நேரம் நாச்சிமுத்துவின் மேசை டிராயரில் வைத்தார்கள். அடுத்த ஒரு மணி நேரம் லாரியின் சாமி படத்துக்குப் பின்னால். அப்புறம் வெள்ளிங்கிரி வீட்டு அரிசி டிரம்மில். மூன்று இடம் ஆயிற்று.

'முடித்தவுடன் கேட்காதீர்கள். காதுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.' இலவம்பஞ்சு கைவசம் இருந்தது. மூவரும் காது நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். துளசிமணி சாப்பிடக் கூப்பிட்டது வெள்ளிங்கிரிக்கு மறுநாள்தான் கேட்டது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் செல்வராணி, வெள்ளிங்கிரி கொடுத்த பென் டிரைவைச் செருகி வண்டியை எடுத்தார். முதல் வீதியில் ஊர் கேட்டது: "நிக்கற வண்டியில ஏறி எறங்கறதுக்கு என்ன? தாராளமாப் பேசு."

பதினாறு மெத்தை அடைத்த அறை. எதிரொலி இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாக விழுந்தது. பின்னால் தறி மட்டும் தாளம் போட்டது. இத்தனை துல்லியமான பதிவைத் தன்னிடம் மைக் வாங்கிய வேறு யாரும் செய்ததில்லை என்கிறார் கோகிலவாணி.

மூன்றாவது வீதியில் வண்டி திரும்பும்போது கணக்கு வாத்தியார் கையில் இரண்டு கூடையோடு வாசலில் நின்றார். "ஏம்மா, நாளைக்கும் எம் பேரு வருமா?" கீழ வீதிக்காரர்கள் தங்கள் கதவு எண் வருவதற்குள் கூடையைக் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் வீட்டில் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு முன்வாசலைத் திறந்தார்கள்.

சுந்தராம்பாள் மேடம் கோபமாக ஓடிவந்து வண்டியை மறித்தார். பின்னால் எட்டிப் பார்த்தார். பச்சையில் காய்கறித் தோல் மட்டும். நீலத்தில் பிளாஸ்டிக் மட்டும். அந்த ஊர் தோன்றிய நாளாக நடக்காதது. "மஞ்சக் கலரு" என்று ஸ்பீக்கர் சொல்லி முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. தினமும் இதையே போடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஒரு நாள் கெடு முடிந்து மத்தியானம் பஞ்சை எடுத்தபோது வண்டி போய்விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் அதைத் தேடி வந்தார்கள். துளசிமணி வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏனுங், உங்க சத்தம் ஊர் பூராக் கேக்குதுங்" என்றாள். அவள் முகத்தில் இருந்தது பெருமை இல்லை. வெள்ளிங்கிரி அதைக் கவனிக்கவில்லை. அவன் பார்வை வண்டி மேல் இருந்தது.

"அண்ணா, நாம பேசுனதுதான வருது? பாட்டக் காணமே?"

திருமூர்த்தி வண்டியின் பின்பக்கம் போய்ச் சவுண்ட் பெட்டியைப் பார்த்தார். அது ஓடும்போது எரிவதற்கென்று ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அதில் இருந்தது. எரிந்தது.

"சிவப்பு எரியுது பாரு. செட்டு இன்னும் நின்னுட்டுத்தான் இருக்குது."

"பின்ன பேச்சு கேக்குதே?"

"நிக்கறப்ப பேசுனோம், நிக்கறப்ப கேக்குது. ஓடறப்ப பாடுனோம். ஓட ஆரம்பிச்சாப் பாட்டு வரும். சரியாத்தான இருக்குது?"

மறுக்க இடமில்லை. மூவரும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள், பாட்டு ஆரம்பிக்கட்டும் என்று.

கோகிலவாணி சொன்னது ஏறக்குறைய இத்தோடு முடிகிறது. கடைசியாக அவர் இன்னும் ஒன்று சொன்னார். அதை மட்டும் நேரில் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. ஆகவே மூன்று மாதம் கழித்து மேட்டுக்கல்பாளையத்துக்குப் போய்ச் சரிபார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

தினமும் காலை ஒன்பதரை மணிக்கு வண்டி ஊருக்கு வெளியே உரக்கிடங்குக்கு வருகிறது. மூன்று பேரும் பின்னாலேயே வருகிறார்கள். செல்வராணி சவுண்ட் பெட்டியை அணைக்கிறார். சிவப்பு விளக்கு அணைகிறது. "ஓடுது!" என்கிறார் திருமூர்த்தி. சத்தம் எதுவும் வரவில்லை. கிளம்பாத வண்டியைத் தள்ளித்தானே கிளப்ப வேண்டும்? திருமூர்த்தி ஒரு சாண் அளந்து கையை வைக்க, வெள்ளிங்கிரி பெட்டிக்கு முன்னால் நின்று பாட்டு முழுவதையும் பாடித் தள்ளுகிறான். நன்றாகவே பாடுகிறான், அதையும் சொல்லிவிட வேண்டும். செல்வராணி குப்பையைக் கொட்டப் போய்விட, அங்கே கேட்பதற்கு நான்கு நாய்களும் நானும்தான் இருந்தோம்.

பாடி முடித்ததும் திருமூர்த்தி குனிந்து, அணைந்து கிடந்த பெட்டியை உற்றுப் பார்த்தார்.

"சிவப்பு எரியவே இல்ல. இன்னைக்குச் சுத்தமாப் பதிவாயிருச்சு" என்றார். மூவரும் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.