மேல் பக்கத்து ஒட்டு

போத்தனூரில் கார் சைலன்சருக்கென்றே ஒரு பட்டறை இருந்தது. நடத்தியவர் பிலோமினா. வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் தொழில் பழக வந்திருந்தவர் மருதாசலம். மாஸ்டரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதுவரை வேறொரு வெல்டிங் பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் பற்ற வைத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பட்டறை முதலாளி கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுவார். மருதாசலம் அப்படித்தான் தொழில் கற்றார். அப்படித்தான் கற்க முடியும் என்றும் நம்பினார்.

மாஸ்டர் எதையும் வீசவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. இந்தப் பொம்பளைக்குக் கண்டிக்கத் தெரியவில்லையே என்று மருதாசலம் உள்ளுக்குள் குறைபட்டுக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை காலை திலீபனின் சிவப்புக் கார் வந்தது. வருவதற்கு முன்பே தெருமுனையில் சத்தம் கேட்டது. டிராக்டர்தான் வருகிறது என்று நினைத்து எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

கார் தரையை ஒட்டியிருந்தது. திலீபன் ஆசைப்பட்டு ஸ்பிரிங்கை மாற்றி இறக்கியிருந்தான். வேகத்தடை வந்தால் அவன் மனைவி மேகலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். பாரம் குறைந்த வண்டியை அவன் சாய்வாக ஏற்றி இறக்குவான். அவள் நடந்து வந்து மறுபடியும் ஏறிக்கொள்வாள். பட்டறை வாசலிலும் ஒரு சின்ன மேடு இருந்தது. அங்கேயும் இறங்கித்தான் வந்தாள்.

"என்னாச்சுங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"சத்தம் மட்டுந்தாங்க. வேற ஒண்ணுமில்ல. சாயங்காலத்துக்குள்ள பழனிக்குக் கிளம்போணும்."

"எங்காச்சும் இடிச்சுதுங்களா?"

"இல்லீங்க. தானா வந்த சத்தம்."

மாஸ்டர் தலையாட்டினார். "மருதண்ணா, பாருங்க."

அந்த வண்டிக்கு அடியில் ஜாக்கி நுழையாது. முதலில் பலகை வைத்து அதன்மேல் வண்டியை ஏற்றி, பிறகுதான் ஜாக்கி போட வேண்டும். மருதாசலம் எல்லாம் செய்து, சாக்கை விரித்து அடியில் படுத்தார்.

பின்பக்கம் பார்த்ததுமே தெரிந்தது. சைலன்சர் டப்பாவும் குழாயும் சேரும் இடம் கிழிந்திருந்தது. டப்பாவின் அடியில் புதுக் கீறல்கள். தானாக வந்த சத்தமாம். குழந்தையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வண்டி, அதற்கு ஒரு பொய் வேறு. மருதாசலத்துக்கு எரிச்சல் வந்தது.

கிழிந்த துண்டை வெட்டி எடுத்தார். புதுத் துண்டு வைத்துப் பற்ற வைத்தார். ஒட்டு சீராக, வரிவரியாக விழுந்தது. கை அவருக்கு எப்போதும் நல்ல கைதான்.

எழுந்திருக்கும் முன் டார்ச்சை முன்பக்கமாகத் திருப்பினார்.

முன் சீட்டுக்கு அடியில், குழாயும் வண்டியின் தரைத் தகடும் நெருங்குகிற இடத்தில், தகடு கறுத்திருந்தது. விரலால் தொட்டார். கரி. புதுக் கரி.

அங்கே இருந்த ஒட்டு அவர் போட்டதுதான். போன மாதம் இதே வண்டி வந்தபோது போட்டது. குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் கை நுழையவில்லை. முழுக் குழாயையும் கழற்றி இறக்கியிருக்க வேண்டும். போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. அன்றைக்கும் திலீபன் அவசரப்பட்டான். அடியிலும் இரண்டு பக்கமும் பற்ற வைத்துவிட்டு, மேல் பக்கத்தில் பசையை அப்பி மூடிவிட்டார். மேலே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார். இப்போது அந்தப் பசை காய்ந்து உதிர்ந்து போயிருந்தது.

சொன்னால் தன் பெயர்தான் கெடும். எவ்வளவு புகை போய்விடப்போகிறது? பழனி போய் வரட்டும், வேறு ஏதாவது சாக்கில் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்துவிடலாம்.

டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள். சத்தம் போய்விட்டது. திலீபன் முகம் மலர்ந்தது. "சூப்பருங்கண்ணா!" என்று மருதாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"முடிஞ்சுதுங்களாண்ணா?" என்றார் மாஸ்டர்.

"முடிஞ்சுது மாஸ்டர்."

மாஸ்டர் குனிந்து பார்க்கவில்லை. எழுந்து வந்து பின் கதவைத் திறந்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் குழந்தை சீட்டு இருந்தது. அதில் ஒரு துணி முயல் கிடந்தது.

"பாப்பா இங்கதான் உட்காருமாங்க?" என்று மேகலாவைக் கேட்டார்.

"ஆமாங்க."

"வண்டியில அழுவாளா?"

"இல்லீங்க. ஏறின கொஞ்ச நேரத்துல தூங்கிருவா. இறங்கினா..." மேகலா நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

மாஸ்டர் காத்திருந்தார்.

"இறங்கினா வாந்தி எடுப்பாங்க. கார் ஒத்துக்கலைன்னு நினைச்சுட்டோம்."

"உங்களுக்கு?"

"தலை வலிக்கும். ஒரு மாசமாத்தான்."

"ஏய், எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே!" என்றான் திலீபன்.

"சொன்னா வண்டியைக் குறை சொல்றேன்னு கோவிச்சுக்குவீங்க."

மாஸ்டர் காரை விட்டு இறங்கித் திலீபன் எதிரில் வந்து நின்றார். கோபமாக இல்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"எங்க இடிச்சுதுங்க?"

திலீபன் செருப்பு முனையால் தரையைத் தேய்த்தான். "ரயில்வே கேட்டுலங்க. நல்லாவே இடிச்சிருச்சு. எந்தப் பட்டறைக்குப் போனாலும் வண்டியை ஏன் இறக்கினே, அறிவிருக்கான்னு ஆரம்பிச்சுடறாங்க. கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு. அதான் சொல்லலை."

"சரிங்க" என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான். மேற்கொண்டு ஏதாவது சொல்லுவார் என்று மருதாசலம் எதிர்பார்த்தார். மாஸ்டர் சொல்லவில்லை. ஆனால் மருதாசலத்தின் காதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாசமாத்தான். ஒரு மாசமாத்தான்.

குழந்தை அம்மாவின் தோளில் சாய்ந்து மருதாசலத்தைப் பார்த்தது. ஒன்றரை வயது இருக்கும். காதில் புதுத் தோடு. அவர் கை துடைக்கும் வேஸ்ட் துணியை முறுக்கினார். பிரித்தார். மறுபடியும் முறுக்கினார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்கண்ணா."

"வேலை முடியலை. முன்னாடி ஒரு ஒட்டு ஒழுகுது. போன மாசம் நான் போட்டது." துணியைக் கீழே போட்டார். "முழுசாப் போடலை. பசையை வச்சு அப்பிட்டேன். இன்னைக்குப் படுத்தப்பவே கரியைப் பார்த்துட்டேன். பார்த்துட்டுத்தான் முடிஞ்சுதுன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடி விழும் என்று பழைய பழக்கத்தில் உடம்பு தானாகச் சுருங்கியது.

"எந்தப் பக்கம்ணா?" என்றார் மாஸ்டர்.

மருதாசலம் நிமிர்ந்தார். "என்னங்க?"

"ஒட்டு எந்தப் பக்கம் விட்டிருக்குது?"

"மேல் பக்கம். தகட்டை ஒட்டி."

"தகட்டுல ரப்பர் அடைப்பு ஏதாச்சும் இருக்குதா?"

மருதாசலம் யோசித்தார். "ஒரு ஓட்டை இருந்துது. ரப்பர் இருந்த மாதிரி ஞாபகமில்லை."

"அது வழியாத்தான் உள்ள வருது."

மாஸ்டர் திலீபனிடம் திரும்பினார். "போன மாசம் நாங்க போட்ட ஒட்டு சரியில்லைங்க. புகை வண்டிக்குள்ள வந்திருக்குது. இன்னைக்கு இந்த வண்டியில போக வேண்டாம். ஆட்டோ கூப்பிடறேன். முதல்ல பாப்பாவையும் உங்க ரெண்டு பேரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. சைலன்சர் புகை ஒரு மாசமா வண்டிக்குள்ள வந்திருக்குதுன்னு அவர்கிட்ட மறக்காமச் சொல்லுங்க."

மாஸ்டர் தெருமுனை ஆட்டோக்காரருக்குப் போன் செய்தார். திலீபனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. "என்னங்க சாதாரணமாச் சொல்றீங்க? ஜன்னலை ஏத்திட்டு ஏசி போட்டுட்டுப் போறோம். பழனி வரைக்கும் போயிருந்தா மூணு பேரும் செத்திருப்போமே!"

"ஆமாங்க."

"யாரு பார்த்தது அந்த வேலைய?"

"எங்க பட்டறை வேலைங்க."

"நாந்தாங்க பார்த்தேன்" என்றார் மருதாசலம்.

திலீபன் அவரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். கை குலுக்கிய அதே கையை ஓங்கினான். மேகலா, "ஏங்க, ஆட்டோ வந்துருச்சு. குழந்தையைப் பாருங்க முதல்ல" என்றாள். அவன் கையை இறக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான்.

அவர்கள் போனதும் மருதாசலம் பெஞ்சில் உட்காரப் போனார்.

"உட்கார்றதுக்கு நேரமில்லைங்கண்ணா" என்றார் மாஸ்டர். "குழாயை இறக்குங்க."

துருப்பிடித்த போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு ஊற வைத்தார்கள். ஒன்று கழன்றது. ஒன்று உடைந்தது. உடைந்ததை மாஸ்டர் வெட்டி எடுத்தார். முழுக் குழாயும் கீழே இறங்கியபோது, மேல் பக்கத்தில் ஒட்டில்லாத இடம் வாய் பிளந்து தெரிந்தது. சுண்டுவிரல் நுழையும். மருதாசலம் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை.

"இந்தாங்க" என்று மாஸ்டர் வெல்டிங் கண்ணாடியை நீட்டினார்.

"நானா?"

"உங்க கைதான் நல்ல கை."

மருதாசலம் பழைய ஒட்டை முழுக்கத் தேய்த்து எடுத்தார். குழாயைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் பற்ற வைத்தார். மாஸ்டர் வேறு வேலை பார்த்தார். குழாய் தாழ்ந்து தொங்கும் இடத்தை வெட்டி, அங்கே தட்டையான குழாயைச் சேர்த்தார். தொங்கவிடும் ரப்பர்களை மாற்றிக் குழாயை மேலே தூக்கிக் கட்டினார். தரைத் தகட்டில் இருந்த ஓட்டைக்குப் புது ரப்பர் அடைப்பு வைத்தார்.

பிறகு வண்டியைக் கிளப்பிவிட்டு, சைலன்சர் வாயை ஈரத்துணியால் அடைத்துப் பிடித்துக்கொண்டார். மருதாசலம் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஒட்டிலும் தடவினார். மேல் பக்கத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். நுரை அப்படியே இருந்தது. புகை கசிந்தால் எழும் குமிழி ஒன்றுகூட எழவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

மத்தியானம் திலீபன் போன் செய்தான். மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். மருதாசலம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா நல்லா இருக்கறாளாம்" என்றார் மாஸ்டர், போனை வைத்துவிட்டு. "ரத்தம் பார்த்தாங்களாம். பயமில்லைன்னு சொல்லிட்டாங்களாம்."

மருதாசலம் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

சாயங்காலம் திலீபன் தனியாக வந்தான். கோபம் இன்னும் மிச்சமிருந்தது. மருதாசலத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். ஆனால் மாஸ்டர் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டியபோது, கூடவே படுத்துப் பார்த்தான். சட்டை முழுக்க அழுக்கானது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "நீங்களும் வண்டி உயரத்தை ஏத்தச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

"ஏத்திடலாமாங்க?"

அவன் வண்டியைப் பார்த்தான். அந்தச் சிவப்பையும், டயரை மூடிக்கொண்டு நின்ற அந்தத் தாழ்வையும். "இல்லீங்க. இப்படியே இருக்கட்டும்."

"சரிங்க. இப்படியே இருந்தா மறுபடியும் இடிக்கும். இடிச்சா அன்னைக்கே வாங்க. சத்தம் வரட்டும்னு இருக்க வேண்டாம். வீட்டுக்காரங்களுக்குத் தலைவலின்னாலும் வாங்க."

"திட்ட மாட்டீங்களே?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். திலீபனும் கொஞ்சம் சிரித்தான். வாசலில் இருந்த மேட்டைச் சாய்வாக ஏறி இறங்கி வண்டி போனது. எதுவும் உரசவில்லை.

மருதாசலம் சாக்கைச் சுருட்டி வைத்தார். பலகைகளை அடுக்கினார். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து கை நகத்தில் இருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கண்ணா."

"அந்தப் பையன் பொய் சொன்னான். அவனை ஒண்ணும் சொல்லலை. நான் பண்ணினது அதைவிடப் பெருசு. ஒரு குழந்தை உசுரு போயிருக்கும். என்னையும் ஒரு வார்த்தை சொல்லலை. காலையில இருந்து எனக்கு அது தாங்கலை. நீங்க ஏன் என்னைத் திட்டலை?"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் வண்டிக்கு அடியில படுக்கப் போறது நீங்கதான். அங்க என்ன பார்த்தீங்கன்னு எனக்கு வேற யாருங்கண்ணா சொல்லுவா?"